எட்டு மில்லிசெகண்ட்

ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே
நாங்கள் விட்டுவைப்பது ஆறு மில்லிமீட்டர்.
பதினோரு வருடமாக என் சம்பளம்
அந்த ஆறு மில்லிமீட்டருக்குத்தான்.

ஒரு பக்கம் அச்சான தாள் உள்ளே இறங்கி,
வளைந்து, புரண்டு,
மறுபக்கத்துக்காகத் திரும்பி வரும்.
அது வந்து சேரும் இடத்தை
அது கிளம்பும் முன்பே ஒதுக்கியிருப்போம்.
வெள்ளைத் தாள்களின் வரிசையில்
ஒரு தாள் நீளத்துக்கு ஒன்றுமில்லாமை
நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில்
நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கும்.
மற்றவர்கள் தாளைப் பார்க்கிறார்கள்.
நான் அதைப் பார்க்கிறேன்.

கார்னிவல் முடிந்த மூன்றாம் இரவு
ரூர்மண்டிலிருந்து அழைப்பு.
கதவைத் திறந்த ஷ்ராரின் காதுக்குப் பின்னால்
இன்னும் கழுவாத பச்சைச் சாயம்.
"மின்கட்டணம் ஓடுது, வரி நோட்டீஸ் ஓடுது,
லட்சம் தாளில் ஒரு மடிப்பு இல்லை.
இதைப் போட்டால் மட்டும் சிக்குது, லிட்வின்.
எப்பவும் இரண்டாம் பக்கத்தில்."

சிக்கிய தாள்கள் தொட்டியில் கிடந்தன
துருத்தி வாத்தியம் போல மடிந்து.
நான் ஈரத்தைச் சந்தேகித்தேன்.
மாஸ் ஆற்றின் மூடுபனியை,
தாளின் சுருளலை,
ஏழாம் ரோலரின் தேய்ந்த ரப்பரை,
கடைசியில் ஷ்ராரை.
மூடியைக் கழற்றினேன். துடைத்தேன். மாட்டினேன்.
மறுபடி அந்தச் சத்தம்,
யாரோ பல்லைக் கடிப்பது மாதிரி.

மூன்றரை மணிக்கு, காப்பி ஆறிய பிறகுதான்
கசங்கியதில் ஒன்றைப் பிரித்து வாசித்தேன்.
மரண அறிவிப்பு.
ஃபுன்ஸ் ராமாகர்ஸ், லின்னே மதகுக் காவலர், எண்பத்தொன்று.
சுற்றிலும் விளிம்பு வரை கறுப்புக் கரை,
எட்டு மில்லிமீட்டர் அகலம்.

டார்ச்சை அதன் மேல் அடித்தேன்.
வெளிச்சம் போனது; திரும்பவில்லை.

அவ்வளவுதான்.
பட்டுத் திரும்பும் ஒளியை வைத்தே
தாள் வந்ததென்று நம்பும் சென்சார்
கறுப்பு வந்தபோது யாரும் வரவில்லை என்றது.
எட்டு மில்லிமீட்டர் கழித்து வெள்ளை தெரிய,
'தாமதம்' என்று எழுதியது.
தாமதமில்லாத தாளை மோட்டார் விரட்டியது.
எட்டு முன்னே பாய்ந்தது; இடம் இருந்ததோ ஆறு.

அந்தக் கறுப்பைப் பூசியது யார்?
இதே இயந்திரம்,
இரண்டு மீட்டருக்கு முன்னால்,
மூன்று நொடிக்கு முன்னால்.

படத்துக்கு ஒரு மென்பொருள், பாதைக்கு ஒரு மென்பொருள்.
வென்லோவில் ஒரே கட்டடம்:
படம் மூன்றாம் மாடி, பாதை இரண்டாம் மாடி.
வில்மியனும் நானும்
லிஃப்டில் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வோம்,
அதுவும் பெய்தால்.

நாலு மணிக்கு அவளை எழுப்பினேன்.
கரை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது,
ஒவ்வொரு தாளுக்கும் உங்களிடம் இருக்கிறதா?
கொட்டாவி. தண்ணீர் குடிக்கும் ஓசை.
"எப்போதும் இருக்கிறது," என்றாள்.
"நீங்கள்தான் கேட்டதே இல்லை."

ஒரு எண். மாடிப்படி இறங்கி வந்த ஒரே ஒரு எண்.
அதைப் பாதைக்குச் சொன்னேன்:
இந்த வேலைக்கு மட்டும்,
எட்டு மில்லிசெகண்ட் வரை
காணவில்லை என்று முடிவு கட்டாதே.

நானூறு தாளும் போயின, புரண்டன, திரும்பின,
தங்கள் தங்கள் வெற்றிடத்தில் வந்து அமர்ந்தன.
சத்தமே இல்லை; அதாவது, வழக்கமான சத்தம்.

ஷ்ரார் ஒன்றை எடுத்துச் சூடு ஆறும்வரை பிடித்திருந்தான்.
"இந்த ஆளைத் தெரியும்.
மதகைத் திறக்காமல் என் மாமாவின் படகை
ஒரு மத்தியானம் முழுக்கக் காக்க வைத்தார்.
கேட்டால், எதிரே ஒன்று வருகிறது,
உனக்குத் தெரியாது என்பார்."
"வந்ததா?"
"அதை மாமா சொன்னதில்லை."

திரையில் அடுத்த வேலை ஏறியது:
பீட்சா கூப்பன், பதினெட்டாயிரம்,
ஒரு பக்கம் மட்டும்.