காட்பாடியில் மைனஸ் இருபது

அக்னி நட்சத்திரத்தின் ஆறாம் நாள்.
வெளியே நூற்றெட்டு டிகிரி.
உள்ளே, ஐஸ்கிரீம் கடைக்காரர் கைவிட்ட உறைபெட்டியில்
நான் ஒரு வடகடல் வைத்திருக்கிறேன்.

கடல் என்றால் நாற்பது லிட்டர்.
மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி,
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கல்லுப்பு,
குளிர் மேலிருந்து மட்டும் இறங்கவேண்டும் என்று
சுற்றிலும் தெர்மாகோல்.
முதல் வாரத்துக்கு மிதக்கும் பாளங்களை
சைதாப்பேட்டை ஐஸ் கம்பெனி முனிரத்தினம்
உமி தூவிய கோணிச் சாக்கில் கொண்டுவந்தார்.
"எந்த மீனுக்கும்மா?"
மீனுக்கில்லை, எண்ணெய்க்கு என்றேன்.
யோசித்துவிட்டு, சாக்கு திரும்ப வேணும் என்றார்.

ஊசி, பெரியாஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் வாங்கியது.
பில் போடுகிற பையன் "பேஷண்ட் பேர்?" என்றான்.
ஹேமாவதி என்று
என் பெயரையே சொல்லிவிட்டு வந்தேன்.

வெதுவெதுப்பான கடலில் எண்ணெய்க்கு அவசரம்.
கொட்டியதும் ஓடும், மயில்கழுத்து நிறம் காட்டும்,
பாதி காற்றோடு போகும்,
மீதியில் வெயில் கொஞ்சம், கிருமி கொஞ்சம் தின்னும்.
குளிரில் அப்படியில்லை.
மார்கழித் தேங்காயெண்ணெய் போல
நின்ற இடத்திலேயே தடிக்கும்.
பாளங்களுக்கு நடுவில் அது
லாங்கு பஜாரில் நுழைந்துவிட்ட லாரி.
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பனிக்கு அடியில் செலுத்தினால்
மேலே வரப் பார்க்கும், கூரை இடிக்கும்.
கூரை சமதளம் கிடையாது.
அதன் பள்ளங்களில், கவிழ்த்த கிண்ணங்களில்,
கறுப்பாய்க் கூடி நிற்கும்.
இரண்டே நாளில் அதற்கும் கீழே புதுப்பனி வளரும்.
மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு,
நடுவில் ஒரு விரற்கடை இருட்டு.

நேற்று மதியம் கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம்.
எண்ணெய் இல்லாமல் நின்றது எண்ணெய் ஆராய்ச்சி;
சொல்லிச் சிரிக்க லேபில் ஆளில்லை.
மூன்று மணி நேரம் பொறுத்து மூடியைத் திறந்தேன்.

உறையும்போது பனி உப்பைத் துப்பும்.
துப்பிய வழியெல்லாம் மயிரிழை நரம்புகள்.
சூடு ஏறினால் அவை வாய் திறக்கும்.
அந்த உப்பு வழியே
முதலில் கடுகளவு,
அப்புறம் மிளகளவு,
அப்புறம் எண்ண முடியவில்லை.
மோந்து பார்த்தேன்.
பதினெட்டு நாள் கழித்தும்
ஊசியிலிருந்து இறங்கிய அன்றைய வாசம்.
காற்றுப் படவில்லை, வெயில் படவில்லை,
வயசே ஆகவில்லை.

வாலாஜாவில் பத்திர ஆபீஸ் வாசலில்
அண்ணன் தயாளன் சொன்னது ஒரே ஒரு சொல்.
ஆறு வருஷம் நாங்கள் மரியாதையாகவே இருந்தோம்.
பொங்கலுக்குச் சேலை வந்தது,
அவன் மகள் சடங்கில் மொய் எழுதினேன்,
கை கழுவும் இடத்தில் ஒதுங்கி வழி விட்டோம்.
போன ஞாயிறு போனில்
"உடம்பு எப்படி இருக்கு ஹேமா" என்றான்.
குரலில் கொஞ்சம் இளக்கம்.
அந்தக் கொஞ்சம் போதுமாயிருந்தது.
நான் பேசியதைக் கேட்டு
ஹாஸ்டல் வராந்தாவில் துணி காயப்போட்டவள்
வாளியோடு உள்ளே போய்விட்டாள்.

தினமும் பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்கிறது.
மிதப்பதற்கும் ஒரு தண்ணீர் வேண்டும்.
இந்த ஆற்றில் விட்டதெல்லாம்
மணலுக்குள் இறங்கிவிட்டது,
எந்தக் கிணற்றில் எப்போது எழும் என்று
அளக்க என்னிடம் தொட்டி இல்லை.

பஞ்சால் ஒற்றி எடுத்து எடை போட்டேன்.
நோட்டில் எழுதினேன்: மணி மூன்று நாற்பது.
வந்தது, அறுபத்திரண்டு சதவீதம்.
மீதி எங்கே என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்துவிட்டேன்.

நாலே காலுக்குக் கரண்ட் வந்தது.
பெட்டி உறுமத் தொடங்கியது.
வாசலில் முனிரத்தினம், சாக்குக்காக.