பிழை திருத்தம்

பதினேழு வருஷமாக இந்த லேபிளில்
ஆண்டை மட்டும்தான் மாற்றி ஓட்டியிருக்கிறேன்.
மிச்சமெல்லாம் அப்படியே:
சுவரேறும் நத்தை, சிதோனி வெர்னியே என்ற பெயர்,
புல்சார், ஜுரா,
ஓரத்தில், எறும்பளவு எழுத்தில்,
பதினொன்றரை சதவீதம்.

இந்த முறை வந்த தாளில்
பதினாலரை என்றிருந்தது.
கை தவறியிருக்கும் என்று போன் போட்டேன்.
இருமினாள். பாத்திரம் எதையோ நகர்த்தினாள்.
"சரியாத்தான் எழுதியிருக்கேன், லெயோன்ஸ்."

பிறகு நான் கேட்காததையும் சொன்னாள்.
உறைபனிக்கு ஏற்றும் மெழுகு டின்கள்
கொட்டகையை விட்டு இறங்கவே இல்லையாம்.
ஜூலையில் ஜன்னலைத் திறந்தால்
வீட்டைவிட வெளியே புழுக்கம்.
புளிப்பு ராத்திரியில்தான் தங்கும்,
ராத்திரியே வராவிட்டால்
அது எங்கே போய்ப் படுக்கும் என்றாள்.
தோல் மெலிந்த பழம்;
மேற்கு பார்த்த வரிசையில்
பாதிக் குலை கொடியிலேயே வற்றிச் சுருண்டுவிட்டது.
ஆகஸ்ட் இருபத்துமூன்றில் அறுவடை.
பறிக்க வரும் மாணவர்கள் இன்னும் கடற்கரையில்.
தபால்காரரும் பல் டாக்டரும்
கத்தரி வாங்கிக்கொண்டு இறங்கினார்களாம்.

கூலியில் பாதியாக எப்போதும் போல
லேபிள் ஒட்டாத ஆறு பாட்டில் வந்தது.

எனக்கொரு வழக்கம் உண்டு.
செய்தித்தாளை விரித்து, அதன்மேல்
கிளாஸை வைத்துப் பார்ப்பேன்.
மற்ற வருஷங்களில் அந்தச் சிவப்பின் வழியே
மரண அறிவிப்புகள்வரை வாசிக்கலாம்,
இன்னார் மகன், இன்ன தெரு, பூக்கள் வேண்டாம்.
இன்று தலைப்புச் செய்தி மட்டும் தெரிந்தது.
அதுவும் வானிலை பற்றியது.

குடித்தேன்.
நாக்கின் ஓரத்தைக் கிள்ளும்
அந்தக் காட்டு ஸ்ட்ராபெரியைக் காணோம்.
ஜாம் கிண்டிய சட்டியின் அடி,
தொண்டையில் ஒரு சூடு.
எப்போதும் ஒரு வாயோடு நிறுத்தும் என் மனைவி
இரண்டாவது கிளாஸ் கேட்டாள்.
"நல்லாத்தானே இருக்கு?"
நல்லாத்தான் இருந்தது.
அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

முன்பெல்லாம் மதியம் ஒரு பாட்டிலை
இருவரும் முடித்துவிட்டு எந்திரத்துக்குத் திரும்புவேன்.
இன்று பாதிதான்.
முதல் நூறு தாளும் கோணல்,
நத்தை சரிவில் வழுக்கியது.
கிழித்துப் போட்டு மறுபடி ஓட்டினேன்.

பதினொன்றரை அச்சுத் துண்டை
உருக்கப் போடவில்லை.
இழுப்பறையில், ரப்பர் பேண்டுகளுக்கு நடுவே
இடவலம் மாறிய எழுத்தில் கிடக்கிறது.
சிதோனியிடம் சொல்லவில்லை.
பில்லை மட்டும் அனுப்பினேன்,
மை கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது என்று.