பெட்டி ஒன்பது

அயோவாவில் பனி கொட்டிய வாரம்
லாரியில் வந்திறங்கின
பேராசிரியர் ஹென்ட்ரிகா ஓஸ்டர்ஹவுட்டின் பதினான்கு பெட்டிகள்.
எண்ணிட்டுப் பட்டியல் போடுவது என் வேலை,
துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றுவதும்.

முதல் ஐந்தும் கால்வாய்கள்.
எழுதி முடிக்காத புத்தகத்துக்கு நாலாயிரம் குறிப்பட்டைகள்.
கடைசி அட்டையில் "சரிபார்க்க" என்று மட்டும்.
எதை என்று இல்லை.

ஆறில், கார் நிறுத்துமிடத்துக்காகப்
பதினோரு வருடக் கடிதப் போர்.
வென்றிருக்கிறார்.

ஏழு, எட்டு: விடைத்தாள்கள்.
ஓரமெல்லாம் அதே சிவப்புக் கேள்வி:
"ஆதாரம் எங்கே?"
இடையில் சிக்கியிருந்த ஆப்பிள் கேக் செய்முறையிலும்கூட.

ஒன்பதில் மதிப்பெண் பதிவேடு, 1969 வசந்தப் பருவம்.
லைல் கோய்மன்: தேர்வில் முப்பத்தொன்று,
கட்டுரை தரவில்லை,
வகுப்புக்கு வந்தது பாதி நாள்.
எப்படிக் கூட்டினாலும் தோல்வி.
தோற்றவனுக்குக் கல்லூரி இல்லை;
கல்லூரி இல்லாதவனுக்கு அந்த வருடம்
தபாலில் வந்தது வியட்நாம்.

பென்சிலில் இருந்ததை அழித்துவிட்டு
மையில் எழுதியிருக்கிறார்: தேர்ச்சி.
அழித்த இடத்தில் காகிதம் மெலிந்து
விளக்கின் முன் பிடித்தால்
வெளிச்சம் ஒழுகுகிறது.
அந்தப் பக்கத்தில் அப்படி ஏழு இடம்,
ஏழு பையன்கள்.

முப்பத்தெட்டு எடுத்த வெர்னா ஹால்வர்சன் மட்டும்
தோற்றிருக்கிறாள்,
பென்சிலிலேயே.

ஆவணத்தின் நிலை என்ன என்று கேட்கிறது படிவம்.
"நன்று. ஏழு இடங்களில் தேய்வு" என்று எழுதினேன்.
மாணவர் பதிவேடு; விதிப்படி
2044 வரை யாரும் திறக்க முடியாது.
வெர்னாவுக்கு அப்போது தொண்ணூற்றைந்து.