பெல்ட்டின் கடைசி முழம்

திபிலிசிக்குத் தெற்கே, ருஸ்தாவி வண்டிச் சந்தை.
காலை எட்டு மணி. எல்லாவற்றின் மேலும் உறைபனி.
ஓட்டை வண்டியையும் உசத்தி வண்டியையும்
ஒரே துப்பட்டியால் போர்த்தி வைத்திருந்தது.

நுக்ஸார் கையுறையால் துடைத்தான்.
கறுப்பு. நீளம். பன்னிரண்டு வயது மெர்சிடிஸ்.
"அமெரிக்காவில் ஒரு பெரியவர் ஓட்டியது, எத்தேரி,
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும்."
இங்கே நிற்கிற எல்லா வண்டியையும்
அந்தப் பெரியவர்தான் ஓட்டியிருக்கிறார்.
எத்தனை தேவாலயம், பாவம்,
எத்தனை ஞாயிறு.

உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான்.
சத்தம் என்று அதைச் சொல்லக் கூடாது.
சந்தை நின்றுபோனது.
பயறு ரொட்டி விற்பவளின் வாய் மட்டும்
கண்ணாடிக்கு வெளியே அசைந்துகொண்டிருந்தது.
நாற்பத்தாறு வயதுவரை
என் வாழ்க்கையில் யாரும்
இவ்வளவு மெதுவாகக் கதவைச் சாத்தியதில்லை.

குத்தாயிசியில் பல்செட்டு செய்கிறவள் நான்.
வாரம் இருமுறை மினிபஸ்ஸில் பத்தூமிக்குப் போகிறேன்,
மடியில் ஒரு மிட்டாய்ப் பெட்டி,
அதற்குள் பதினான்கு பேரின் பற்கள்.
அங்கே டாக்டர் என்னைப் பின்வாசலில் நிற்கவைப்பார்.
இந்த வண்டி பின்வாசல் சந்துக்குள் நுழையாது.
அளந்து பார்க்காமலே தெரிந்தது.

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்குப் பதினோராயிரம் டாலர் கேட்கிறார்கள்.
பார்த்தேன்.
வலது கதவில் மட்டும் பெயின்ட் இரண்டு மடங்கு;
"கல் பட்டது" என்றான், எவ்வளவு பெரிய கல் என்று சொல்லவில்லை.
சாவியைத் திருப்பியதும் வண்டி மூச்சிழுத்து எழுந்தது.
பின்பக்கம், இடது மூலை மட்டும்
முட்டிவலிக்காரன் போல யோசித்து எழுந்தது.
என் தம்பி மேராப் போனில் கணக்குப் போட்டான்.
அந்த மூலைக்கு என் இரண்டு மாதச் சம்பளம்.
"யானையைக்கூட வாங்கிவிடலாம், அக்கா.
தீனி?"
நான் பதில் சொல்லவில்லை.
இருக்கை சூடாகிக்கொண்டிருந்தது.

பெல்ட்டை இழுத்தேன்.
போடுவதற்கு இல்லை; முழுசாக,
இனி வராது என்னும்வரை இழுத்தேன்.
பீங்கான் உறைக்கும் ஈறுக்கும் நடுவில்தான்
எதுவும் ஒளிந்திருக்கும், அது என் தொழில்.
கடைசி முழத்தில் ஒரு கோடு.
குடித்து வைத்த டீ டம்ளரில் படியுமே, அப்படி.
விரலால் தேய்த்தேன். நறநறத்தது.

வேறு கண்டத்து ஆற்றின் மண்.
யாருடைய தெருவிலோ ராத்திரி ஏறிய தண்ணீர்
இந்த இருக்கைவரை வந்து
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறது.
ஓட்டியவர் மாடியில் நின்று பார்த்தாரா?
விளக்குகள் தானாக எரிந்ததா, தண்ணீருக்கடியில்?
கம்பளத்தை மாற்றியிருக்கிறார்கள். தோலைத் தேய்த்திருக்கிறார்கள்.
எலுமிச்சை வாசனை தொங்கவிட்டிருக்கிறார்கள்.
பெல்ட்டை யாரும் முழுசாக இழுக்கவில்லை.

ஜன்னலை இறக்கிக் கோட்டைக் காட்டினேன்.
நுக்ஸார் குனிந்தான்,
முதல்முறை பார்க்கிறவன் போல
ரொம்ப நேரம் பார்த்தான்.
"ஒன்பதாயிரத்து ஐநூறு."

கோபம் வர வேண்டிய இடம்.
வந்ததா என்று தேடிப் பார்த்தேன்.
மினிபஸ்ஸின் பிளாஸ்டிக் சீட்டு ஞாபகம் வந்தது,
பெட்டி சரியாமல் இருக்க
ரிக்கோத்தி மலையேற்றம் முழுக்க
நான் இறுக்கி வைத்திருக்கும் முழங்கால்கள்.
பிறகு, ஏதாவது ஒரு குளிர்காலத்தில்,
சுரங்கப்பாதை நடுவில், நனைந்த ஒயர் ஒன்று
பழைய தண்ணீரை நினைத்துக்கொள்ளும்.
அதுவும் வந்தது.

பெல்ட் என் கையை இழுத்துக்கொண்டிருந்தது,
விட்டால் சுருண்டு உள்ளே போய்விடும், கோட்டோடு.
விடவில்லை.
"எட்டு" என்றேன்.
மேலே ஏற்றிய கண்ணாடியை
மேராப் வெளியிலிருந்து தட்டித் தட்டி
என்னமோ சொல்கிறான்.

கேட்கவில்லை.