அசல்

வண்டிப் பலகையில் எழுதியிருப்பது
'ரங்கூன் அசல் அத்தோ, 1965 முதல்.'
பக்கத்தில் தங்கக் கோபுரம் ஒன்று, கொஞ்சம் சாய்ந்தாற்போல்.
பலகை எழுதியது இரண்டாயிரத்துப் பதினொன்றில்.
வருஷம் என்ன போட என்று ஆர்ட்டிஸ்ட் கேட்டான்.
இவர் தாடையைச் சொறிந்துகொண்டே
ஒரு வருஷம் சொன்னார்.

இவர் பிறந்தது வியாசர்பாடியில்,
தண்ணீர் லாரி வந்து நிற்கும் முனை வீட்டில்.
பர்மாவைப் பார்த்ததில்லை.
கப்பலே ஹார்பர் மதிலுக்கு மேலே
தெரிகிற அளவுக்குத்தான்.
மாமனார் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி,
அரசாங்க முத்திரை குத்திய அட்டை,
கோபம் வந்தால் மட்டும் வாயில் ஏறும் ஒரு பாஷை.
வசவுகள் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.
அர்த்தம்தான் ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்குப் பெரம்பூர்.
கல்யாணமாகி வந்த மறுவாரம்
பத்து கிலோ வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள்
இன்னும் எழுந்திருக்கவில்லை.
நாலு மணிக்கு ஷேர் ஆட்டோவில் என் மடியில்
பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், பேஜோ மூட்டை.
பக்கத்தில் உட்கார்பவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள்.
மூலக்கொத்தளம் தாண்டுவதற்குள்
"கடை எங்கம்மா?"

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது.
காசிமேட்டில் கூனி விலை எகிறிய வருஷம்
பொடியில் பாதியைக் குறைத்து
பொட்டுக்கடலையை வறுத்து அரைத்துச் சேர்த்தேன்.
பேங்க்கிலிருந்து வரும் சார்
சப்புக்கொட்டிச் சொன்னார்:
"இப்பதான் சோணை, பழைய டேஸ்ட் திரும்பி வந்திருக்கு."
நான் வாழைத்தண்டு சூப்பைக்
கலக்கிக்கொண்டே இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்தார்.
கணுக்கால் வரை பூப்போட்ட லுங்கி,
கன்னத்தில் வெளிர்மஞ்சள் பூச்சு,
அக்குளில் ஆஸ்பத்திரி ஃபைல்.
கூட ஒரு பையன்.
அவன் போனிடம் பேசினான்.
போன் எங்களிடம் தமிழ் பேசியது:
"அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. நாங்கள் யாங்கூன்.
உங்கள் பலகையில் எங்கள் கோபுரம்."

இவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.
கையை இரண்டு தடவை கழுவினார்.
மகளின் ஸ்கூல் ஆண்டுவிழாவில்கூட
இவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த அம்மா ஒரு வாய் எடுத்தார். மென்றார்.
இன்னொரு வாய்.
போன் சொன்னது:
"மிகவும் ருசி. இது எந்த நாட்டு உணவு?"

ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி ஒரு பஸ் போனது.
இவர் கை நூடுல்ஸுக்குள் அப்படியே நின்றது.
பேங்க் சார் தன் தட்டையே பார்த்தார்.
பொட்டுக்கடலை டப்பாவை நான்
காலால் வண்டிக்கடியில் தள்ளினேன்.

"அத்தோ" என்றார் இவர், பலகையைக் காட்டி.
"அத்தோ... அத்தோ."
எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து அந்த முகம் விரிந்தது.
அதே வார்த்தையைத் தொண்டைக்குள் வெட்டி
வேறு மாதிரி சொன்னார்.
ஐந்து விரலையும் குவித்துக்
காற்றைப் பிசைந்து காட்டினார்.
போன் திணறித் திணறிச் சொன்னது:
"கையால் பிசைந்தது. எதுவானாலும்."

அவ்வளவுதான் அர்த்தமாம்.
தக்காளியைப் பிசைந்தாலும் அதே பெயர்தானாம்,
இஞ்சியைப் பிசைந்தாலும்.

ரெண்டாவது தட்டு பாதியில்
பையன் சூப்பை ஃபைல் மேல் கொட்டிவிட்டான்.
அந்த அம்மா பல்லைக் கடித்து
ஒரு வார்த்தை விட்டார்.
நானும் இவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம்.
மாமனார்! அச்சு அசல்,
இழுக்கிற இடத்தில் இழுத்து,
கடைசியில் அந்தச் சின்னத் துப்பலோடு.
கடல் தாண்டி ஒரு சொட்டும் சிந்தாமல்
அது ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

காசு வேண்டாம் என்றார் இவர்.
பூண்டெண்ணெய் பாட்டிலுக்கு அடியில்
மடித்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ராத்திரி வண்டி தள்ளி வரும்போது
இவர் ஒன்றும் பேசவில்லை.
பலகையை மாத்தணுமா என்று கேட்க வாய் வந்தது,
கேட்கவில்லை.

காலையில் காலண்டர் தாளின் பின்பக்கம்
சாமான் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார்.
வெங்காயம் பத்து.
முட்டைகோஸ் மூணு.
பூண்டு.
நான் சொல்லாமலே
அடுத்த வரியில்
பொட்டுக்கடலை ரெண்டு கிலோ.