செருப்புப் போட்ட கதிரை

கதிரைக் கால்கள் நான்குக்கும்
பழைய செருப்பு வெட்டி ஒட்டினேன்.
கீழ்வீட்டு ஃபர்ஸானா இப்போது
கதவு தட்டுவதில்லை.

ஏழாம் வாய்ப்பாடு, மூன்றாம் வரி.
ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ பாட்டோடு திரும்ப
பென்சில் உருள்கிறது,
மிதுரன் பல்கனியில்.
கூப்பிடவில்லை. பத்துவரை எண்ணப் பார்த்தேன்,
ஆறிலேயே பல்லைக் கடித்தபடி.

நேற்றுக் கத்தியது நான்தான்.
தண்ணீர்ப் போத்தல், இந்த மாதம் நாலாவது,
பள்ளிக்கூட வானில் விட்டு வந்ததற்கு.
காதைப் பொத்திக்கொண்டு
மேசைக்கடியில் போனான்.

இன்றைக்கும் அங்கேதான்.
"அம்மா, செருப்புப் போட்ட கதிரை
இரவில எங்க நடந்து போகும்?"

வெள்ளவத்தைக் கடலோரம் கோச்சி போகிறது.
கண்ணாடி, கோப்பை, சுவர் எல்லாம் அதிர்கின்றன.
அதை யாரும் அதட்டுவதில்லை.

குனிந்து நானும் உள்ளே போகிறேன்.
இடம் போதாது.
நகர்ந்து தருகிறான்.