முப்பத்தேழு மில்லிமீட்டர்

இந்தக் கேமராவுக்குக் கழுத்தில் மரை இல்லை.
வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.
சட்டைப்பைக்குள் அடங்கும்.
விசையை அமுக்கினால் மூக்கை நீட்டும்,
அணைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.
நீண்டு சுருங்கும் மூக்கில்
எதைத் திருகி மாட்டுவது?

ஃபில்டரோ முதலிலேயே வந்துவிட்டது.
சிரம்பான் பழைய சாமான் சந்தை, பன்னிரண்டு ரிங்கிட்.
போலரைசர், முப்பத்தேழு மில்லிமீட்டர்,
விளிம்பில் யாரோ கடித்ததுபோல் ஒரு தழும்பு.
கண்ணில் வைத்துத் திருப்பினேன்.
சாலையோர லோரியின் கண்ணாடியில் கிடந்த வெயில் வடிந்து
உள்ளே ஓட்டுநர் நாசி லெமாக் பொட்டலம் பிரிப்பது தெரிந்தது.
பேரம் பேசாமல் நான் வாங்கியது
அது ஒன்றுதான்.

முதலில் இரட்டைப் பக்க டேப்.
மூக்கின் நுனியிலேயே ஒட்டினேன்.
மோட்டார் முனகியது,
பாதி வழியில் நின்றது,
லென்ஸ் கோளாறு என்றது திரை.
மரியசூசை சொன்னான்:
"ஒன் மூக்குல செங்கல்லக் கட்டி
மூச்சு விடுன்னா நீ விடுவியா?"

பிறகு ஆ ஹெங் கடையில்
வெட்டி மிஞ்சிய பிவிசி குழாய்த் துண்டு.
காசு வேண்டாம் என்றார்.
உள்ளே மூக்கு இடிக்காமல் வந்து போக வேண்டும்,
வாயில் ஃபில்டர் ஆடாமல் உட்கார வேண்டும்.
இரும்பறுக்கும் ரம்பம், உப்புத்தாள்,
உட்புறம் கறுப்புப் பெயின்ட்,
இல்லாவிட்டால் குழாயே பளபளக்கும்.
கேமராவோடு இறுக்க சைக்கிள் டியூப் பட்டை.
இரவு ஒரு மணிக்கு விசையை அமுக்கினேன்.
முனகவில்லை.
ஆனால் நாலு மூலையிலும் இருட்டுப் பிறை.
ஜூமைக் கொஞ்சம் இழுத்தால் மூன்று போயின,
கீழே வலப்பக்கம் ஒன்று போகவில்லை.
கோணலாக அறுத்த கை என்னுடையதுதான்.

ஞாயிறு காலை தோட்டத்து ஆபீஸ் பூட்டியிருந்தது.
அறிவிப்பு கண்ணாடிக்கு உட்புறம்,
ஜன்னலை விட்டுத் தள்ளி, ஒரு பலகையில்.
வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு ஒட்டினார்களாம்.
கமலேஸ்வரியின் கைப்பேசியில் கேமரா இருந்தது, பெயருக்கு.
அவள் எடுத்த படத்தில்
வானம், செம்பனை, கொடிக்கம்பம்,
ஓரத்தில் அவள் நெற்றி.

நான் நேர் எதிரே நின்று திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை. அசட்டுச் சிரிப்போடு என் முகம்.
நேராக நின்றால் போலரைசர் வேலை செய்யாது,
அதற்குச் சாய்வு வேண்டும்.
பக்கவாட்டில் நகர்ந்து,
சாக்கடை விளிம்பில் ஒரு கால் வைத்து,
கமலேஸ்வரி என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள,
வளையத்தைக் கால் சுற்று.

வானம் போனது.
செம்பனை போனது.
கேட்டிலிருந்து எழுந்து வந்த ஜாகாவின் பிம்பமும்
வந்த வழியே மங்கிப் போனது.
எழுத்து வந்தது.

வீட்டு எண்கள், பதினேழு முதல் நாற்பது வரை.
காலி செய்ய வேண்டிய நாள்.
அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், எழுதிய தேதி:
மூன்று வாரம் முந்தியது.
திரையில் எண்களைத் தொட்டுக்கொண்டே வந்த
கமலேஸ்வரியின் விரல் இருபத்திரண்டில் நின்றது.
"பெட்டரி இருக்கா?
இன்னொன்னு எடு."

பகாவில், லியோங் ஸ்டூடியோவில்
வீட்டுக்கு ஒன்றாக இருபத்துநாலு பிரதி கேட்டேன்.
மூலையில் கறுப்பாக இருக்கிறதே,
வெட்டிவிடவா என்றார், நல்ல மனிதர்.
வேண்டாம் என்றேன்.
வெட்டினால் தேதியும் போய்விடும்.